பர்ஸர் மாமா இல்லேன்ன ரிக்கார்டு

கதவு மூணு விரல் அகலம்தான் திறந்தது. ஒரு கண்ணு, பாதி மூக்கு, நெத்தியில அரை விபூதி. அவ்ளோதான் தெரிஞ்சுது. குறுக்க சங்கிலி வேற.

"யாராக்கும்?"

"மாமா, என் பேர் ரமணி. மாட்டுங்காலேர்ந்து வரேன். உங்காத்துல ஒரு இங்கிலீஷ் ரிக்கார்டு இருக்காமே, ரயில் பாட்டு. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

"ரிக்கார்டா? இங்க ரேடியோவே கிடையாது."

அவர் இதைச் சொல்லிண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால 'ம்ம்ம்'னு ஒரு முனகல். வண்டு இல்ல. விட்டு விட்டு வரல, ஒரே சீரா வந்துண்டிருந்துது. ரேடியோவே இல்லாத வீட்டுல எதுய்யா இப்டி முனகும்?

"அப்பா எந்த ஆபீஸ்?"னு கேட்டார்.

"கஸ்டம்ஸ் ஹவுஸ்"னேன். கொஞ்சம் நெஞ்சை நிமித்திண்டுதான் சொன்னேன்.

கண்ணு போச்சு. மூக்கு போச்சு. கதவு சாத்திண்டுது. ஒரு தாழ்ப்பாள் விழுந்துது, அப்புறம் இன்னொண்ணு. உள்ள எதையோ தரையோட தேய்ச்சு இழுக்கற சத்தம். முனகல் நின்னு போச்சு.

படிக்கட்டுல நின்னுண்டிருந்த செல்லத்துரை, "என்னலே சொன்னாரு?"ன்னான்.

"ரேடியோவே இல்லியாம்."

"பொய் சொல்லுதாரு."

"அவர் சொல்றது பொய்யா, நீ சொல்றது பொய்யா? நான் எப்டிடா கண்டுபிடிக்கறது?"

அவன் மாடி ஜன்னல் கிரிலை அண்ணாந்து பாத்துண்டு நின்னான். அவன் மாட்டின கிரில் அது.

இந்த லஃபடா எங்க ஆரம்பிச்சுது

போன வாரம் எங்க பீட் கோஷ்டி எப்டி முளைச்சுதுனு எழுதியிருந்தேன். படிக்காதவாளுக்கு ஒரு வரியில சொல்லிடறேன். கிட்டார், ட்ரம், ஒரு கடன் வாங்கின பேஸ், எல்லாத்துக்கும் மேல ஒரு ஆம்ப்ளிஃபையர். ஆம்ப்ளிஃபையர் பாலுவோடது. அதனால பாலுதான் லீட் கிட்டார், பாலுதான் கேப்டன், எந்தப் பாட்டுனு முடிவு பண்றதும் பாலுதான். ப்ளக்கைப் பிடுங்கினா கோஷ்டி க்ளோஸ். ஜனநாயகமெல்லாம் சொந்தமா ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கறவாளுக்கு.

பாலு செம்பூர் பையன். அவன் அப்பா பெரிய கம்பெனியில பெரிய உத்யோகம். பாலுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதான் நானும் தைரியமா இதெல்லாம் எழுதிண்டிருக்கேன்.

ஸ்பீக்கருக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு வேணும்னு தாராவியில ஒரு கிரில் பட்டறைக்குப் போனேன். வாசல்ல உக்காந்து ஒருத்தன் அரம் போட்டுண்டிருந்தான். அரம் 'க்ர்ர், க்ர்ர்'ங்கறது. அந்தத் தாளத்துக்கு அவன் பாடறான். சினிமாப் பாட்டு இல்ல, இங்கிலீஷ் பாட்டு. கிணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, வெச்சு, நிறுத்தி, அடுத்ததை எடுக்கறான். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஸ்டாண்டு அளவு குடுக்க மறந்துட்டு நின்னேன்.

அவன்தான் செல்லத்துரை. திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயசுலயே பம்பாய் வந்தவன். இங்கிலீஷ்ல பேரெழுதுவான், அதுக்கு மேல கேக்கக் கூடாது.

"இந்தப் பாட்டு உனக்கு எப்டிடா தெரியும்?"

"செம்பூர்ல ஒரு கப்பக்காரரு வீட்டுல கிரில் மாட்டப் போனம். மாடி ஜன்னலு. நான் வெளிய சாரத்துல நிக்கேன், அவரு உள்ள கதவ அடைச்சிட்டு இதயே திருப்பித் திருப்பிப் போடுதாரு. சோலி முடியறதுக்குள்ள எனக்குப் பாடமாயிட்டு."

ரயில் பாட்டுனா என்னனு கேக்கறவாளுக்கு: ஒருத்தன் பொட்டியைத் தூக்கிண்டு ஸ்டேஷனுக்கு வரான், வண்டி வரல, அவன் வீட்டுக்கும் திரும்பல. மொத்தக் கதையே அவ்ளோதான். ஆனா அதைப் பாடாத வெள்ளைக்காரன் கிடையாது. அமெரிக்காவுல ஒருத்தன் ஆரம்பிச்சு வெச்சான், அப்புறம் ஆளாளுக்கு ஒரு ரிக்கார்டு. நல்ல பேர் ஒண்ணு இருக்கு பாட்டுக்கு, எழுதினா எடிட்டர் வெட்டிடுவார். விடுங்கோ.

பாலுவோட கண்டிஷன்

துரையைக் கூட்டிண்டு போய் பாலு வீட்டு மொட்டை மாடியில பாட வெச்சேன். பாலு கிட்டாரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டான். முடிஞ்சதும் சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

"நல்லா இருக்கு மேன். ஆனா இது என்ன பாட்டு?"

"ரயில் பாட்டு."

"ரயில் பாட்டு என்கிட்ட இருக்கு. இரு." உள்ள போய் ரிக்கார்டைப் போட்டான். படபடன்னு ஓடறது. குரல் மேல, சும்மா கத்தி மாதிரி. பாட்டு அதேதான், சந்தேகமே இல்ல. ஆனா துரை பாடினதுக்கும் இதுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும் உள்ள வித்யாசம்.

"லுக், இவனுக்குக் குரல் மேல ஏறாது. மூணு ஃப்ரெட் சுருதி கீழ பாடறான். தூக்க மாத்திரை போட்டவன் மாதிரி இழுக்கறான். ஏறலேனு சொல்ல வெக்கம். அதனால செம்பூர், கப்பல்காரர்னு பண்டல் அடிக்கறான்."

"வேற வெர்ஷனா இருக்கும்டா. எவ்ளோ பேர் பாடியிருக்கான்."

"இருந்தா கொண்டு வா. நான் காதால கேக்கணும், இல்ல கேட்டவன் யாராவது வந்து என் முன்னாடி சொல்லணும். இல்லேன்னா போட்டிக்கு பாந்த்ரா பையன் பாடுவான்."

பாந்த்ரா பையனைப் பத்தித் தனியா எழுதணும். கண்ணாடி டம்ளரைத் தட்டின மாதிரி குரல். நல்ல பையன்தான். அதனாலயே எனக்குப் பிடிக்காது.

பீட் கோஷ்டிகளுக்கெல்லாம் போட்டி விஜயதசமி சாயந்தரம், டவுன்ல ஒரு ஹால்ல. துரை அதுக்காகப் பட்டறையில லீவு சொல்லிட்டான். கழுத்து உசந்த ஒரு சட்டை தைக்கக் குடுத்திருந்தான். அன்னிக்குப் பாடி முடிச்சுட்டுக் கீழ போனவன், பாலு பேசினது அத்தனையும் மாடிப்படியில நின்னு கேட்டுண்டிருந்திருக்கான். கீழ இறங்கி வரும்போது சொன்னான்:

"பாட வேண்டாம்னா சரி, போயிருதேன். பொய்யன்னு சொல்லி அனுப்புதாம்லா, அதுதான் பொறுக்க முடியல."

சரி, இந்தப் பய மேல எனக்கே பூரா நம்பிக்கை இருந்துதான்னா, இல்ல. சாரத்துல நின்னுண்டு ஜன்னல் வழியா ஒரு முழுப் பாட்டா? நான் காலேஜ்ல முன் பெஞ்சுல உக்காந்தே ஒண்ணும் பாடமாகல.

கடை கடையா ஏறி இறங்கின கதை

செம்பூர் கப்பல்காரர், அதான் பர்ஸர் மாமா, கதவைச் சாத்தினப்புறம் முதல்ல போனது ஃபோர்ட் பக்கத்துல ஒரு பெரிய ரிக்கார்டு கடை. அங்க கேட்டுப் பாக்கறதுக்குச் சின்ன சின்ன கண்ணாடி ரூம் இருக்கும். கவுன்ட்டர்ல இருந்தவர் ரயில் பாட்டுல கைவசம் இருந்த அத்தனை ரிக்கார்டையும் போட்டார். ஒருத்தன் விசில் அடிக்கறான், ஒருத்திகூட முப்பது பேர் கோரஸ் பாடறா. கிணத்துக் குரல் மட்டும் இல்ல.

"இதை விட ஸ்லோவா?"னு கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார். "ஸ்லோ மாங்தா தோ கஜல் லோ"ன்னார், மெதுவா வேணும்னா கஜல் வாங்கிக்கோனு. வாங்க மாட்டான்னு கண்டுபிடிச்சுட்டார் சாலா.

பழைய சாமான் விக்கற சோர் பஜார்ல ஒருத்தன், "ஹை, ஹை, கல் ஆவ்"னான். இருக்காம், நாளைக்கு வரணுமாம். மறுநா போனா, "கல் ஆவ்"னான். அதுக்கு மறுநாளும் அதேதான். என்கிட்ட இருக்குனு சொல்றவனையும் நம்ப முடியல, இல்லேன்னு சொல்ற பர்ஸர் மாமாவையும் நம்ப முடியல.

கிங்ஸ் சர்க்கிள் இரானி ஹோட்டல் ஜூக்பாக்ஸ்லயும் பாத்தாச்சு. பன் மஸ்கா வாசனைக்கு நடுவுல அதே கத்திக் குரல்தான். ஹோட்டல்காரர் முறைச்சார். சிங்கிள் டீக்கு இவ்ளோ நாழி உக்காரக் கூடாது.

அப்புறம் எனக்கு பாலு மேலயே சந்தேகம் வந்துது. அவன் வீடும் செம்பூர். பர்ஸர் மாமா வீடும் செம்பூர், திலக் நகர் காலனி. அந்த ரிக்கார்டை இவனே முன்னாடி போய் அமுக்கியிருந்தா? பாந்த்ரா பையனை ஏத்திவிடறதுக்கு? ட்ரம் அடிக்கற பையன்கிட்ட இதைச் சொன்னேன். "அரே யார், நீ துப்பறியும் கதை படிக்கறதை நிறுத்து"ன்னான். அவன் மேலயும் ஒரு கண்ணு வெச்சேன்.

'அப்பா எந்த ஆபீஸ்?'

இங்க ஒரு விஷயம் சொல்லணும். மாட்டுங்காவுல யாரும் யாரையும் பேர் கேக்க மாட்டா. அப்பா எந்த ஆபீஸ்னுதான் கேப்பா. ரயில்வேனா ஒரு மாதிரி காபி, பாங்க்னா வேற மாதிரி காபி. கஸ்டம்ஸ்னா டம்ளர் கொஞ்சம் பெரிசா வரும். பொறந்ததுலேர்ந்து பழகின பழக்கம். கேட்டா வாய் தானா சொல்லிடும்.

எங்கப்பா கஸ்டம்ஸ்ல இருக்காரே தவிர, வாழ்க்கையில ஒரு வாட்சைக்கூடப் பிடிச்சதில்ல. பழைய ஃபைல்ல ஓட்டை போட்டு நாடா கட்டறது அவர் செக்ஷன். ஆனா அது பர்ஸர் மாமாவுக்கு எப்டித் தெரியும்?

பர்ஸர்னா கப்பல்ல சம்பளம், சாப்பாட்டு சாமான் எல்லாம் பாக்கற ஆபீசர். மாமா பாலக்காட்டுக்காரர். வருஷக்கணக்கா கடல்ல சுத்திட்டு ரிட்டையர் ஆனவர். அந்த மாதிரி ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நின்னு, 'உங்காத்து ஃபாரின் ரிக்கார்டைக் காட்டுங்கோ, எங்கப்பா கஸ்டம்ஸ்'னு சொல்லியிருக்கேன். ரெண்டு தாழ்ப்பாள் போட்டார்னா மரியாதைக்காரர். நானா இருந்தா செம்பூரை விட்டே ஓடியிருப்பேன்.

இது எனக்கு விளங்கறதுக்கே நாலஞ்சு நாள் ஆச்சு. அதுக்குள்ள நவராத்திரி வந்துடுத்து.

கொலு பாஸ்போர்ட்

பஜனை கோஷ்டி மாமிகள் மூலமா எங்கம்மாவுக்கு ஒரு சேதி வந்துது. திலக் நகர்ல பர்ஸராத்து மாமி ஃபாரின் கொலு வெச்சிருக்காளாம், ஜப்பான் பொம்மையெல்லாம் இருக்காம், பாக்க வேண்டியதுதானாம்.

கேட்டதும் பல்பு எரிஞ்சுது. எந்த வீட்டுக் கதவும் சங்கிலி போடாம இருக்கறது இந்த ஒன்பது நாள்தான். கொலுவுக்கு வந்தவாளை வாசல்லயே நிறுத்தி அனுப்ப எந்த மாமிக்கும் தைரியம் வராது. ஆனா தடிப்பையன் தனியா போக முடியாது, கூட ஒரு பொண்ணு வேணும். என் தங்கை வசுவைக் கேட்டேன்.

"எதுக்குடா திடீர்னு பக்தி?"

"பொம்மை பாக்கத்தான்."

"பொய்"னா. ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன்னதும் பட்டுப்பாவாடையைத் தேட ஆரம்பிச்சா.

பாலுகிட்டேர்ந்து அவன் ரிக்கார்டைக் கேட்டு வாங்கி ஒரு துணிப்பையில வெச்சுண்டேன். என் பிளான் இதுதான்: மாமாவோட ரிக்கார்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்துட்டா உண்மை தெரிஞ்சுடும். யாரும் மாத்தி வெச்சு ஏமாத்தக் கூடாதுனு லேபிள்ல பாலு பச்சை இங்க்கால எழுதின பேரை ஒரு தரம் பாத்து வெச்சுண்டேன். நான் இந்த ஊர்ல யாரையும் நம்பறதில்ல.

அந்த வீட்டுக் கொலுவைப் பாத்தா ராமரும் லக்ஷ்மணரும் மேல் படி. கீழ வர வர கிமோனோ கட்டின பொம்மை, பாட்டிலுக்குள்ள கப்பல், டிராகன் போட்ட ஃப்ளாஸ்க். பக்கத்து மேஜையில பட்டுத்துணி விரிச்சு, அதுக்கு மேல சாம்பல் கலர்ல ஒரு ரிக்கார்டு ப்ளேயர். மேஜைக்கு அடியில கறுப்பா ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். 'ம்ம்ம்'. அந்த முனகல்.

சுண்டல் தட்டோட வந்த மாமா என்னைப் பாத்தார். 

"நீ... கஸ்டம்ஸ்..."

"கொலுவுக்கு வந்த குழந்தைகள்ட்ட போய் ஆபீஸ் கேக்கறேளே, நன்னாருக்கா?"ன்னா மாமி. "நாலு வருஷமா இந்த மிஷினைக் கட்டில் அடியிலயே வெச்சு மூடிண்டிருக்கார். கொலுவுக்காவது வெளில வரட்டும்னு நான்தான் எடுத்து வெச்சேன். நீ பாடும்மா."

வசு பாடினா. வாசல் வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு வந்த மாமா என் காதுகிட்ட குனிஞ்சார். "வெளில எத்தனை பேர் நிக்கறா?"

"யாருமில்ல மாமா. எங்கப்பாவுக்கு ஃபைலுக்கு நாடா கட்டற வேலை."

"எந்த ஃபைலாக்கும்?"

இந்த ஆளை என்ன பண்றது?

வசு முடிச்சதும் மாமி ஒரு நாகஸ்வர ரிக்கார்டைப் போட்டா. அவா கல்யாணத்துக்கு யாரோ குடுத்ததாம். வாசிக்கறவருக்கு ஜுரம் வந்து எழுந்து உக்காந்த மாதிரி வந்துது. வசு பல்லைக் கடிச்சுண்டு சிரிப்பை அடக்கறா.

"எங்காத்து மிஷின்ல எல்லாமே கொஞ்சம் நிதானமாத்தான் வரும்"னா மாமி. "அவரை மாதிரி."

 பையைத் திறந்து பாலுவோட ரிக்கார்டை எடுத்து, மாமியைக் கேட்டுண்டு நானே வெச்சேன். முள் இறங்கித்து.

கிணத்துக் குரல்.

அந்த இழுப்பு, அந்த நிறுத்தல், அந்த மூணு ஃப்ரெட் கீழ. அப்டியே துரை. நான் பண்ணின முதல் காரியம், ரிக்கார்டை நிறுத்தி லேபிளைப் பாத்தது. பச்சை இங்க்கு. பாலு பேர். யாரும் மாத்தல.

சுண்டலைக் கீழ வெச்சுட்டு மிஷினைச் சாய்ச்சுப் பாத்தேன். அடியில ஒரு தகடு. ஜப்பான்ல, கோபேல பண்ணினது. நூறு வோல்ட், அறுபது சைக்கிள். நான் பிஸிக்ஸ்ல தட்டுத் தடுமாறிப் பாஸானவன்தான், ஆனா இது போறும். நம்மூர் கரன்ட் செகண்டுக்கு ஐம்பது தடவைதான் ஆடும், ஐம்பது சைக்கிள். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாத்திக் குடுக்கும், சைக்கிளை மாத்தாது. அறுபதுக்கு ஓட வேண்டிய மோட்டார் ஐம்பதுல சோம்பேறியா சுத்தறது. பாட்டு மெதுவா வரும். மெதுவா வந்தா குரலும் கீழ இறங்கிடும்.

அதாவது, நான் தேடிண்டு அலைஞ்ச வெர்ஷன் எந்தக் கடையிலயும் இல்ல. எந்த வெள்ளைக்காரனும் அப்டிப் பாடல. அது திலக் நகர் காலனியில ஒரு மேஜை மேல மட்டும்தான் இருக்கு.

மாமா பீரோவைத் திறந்து ஒரு ரிக்கார்டோட வந்தார். லேபிள்ல ஜப்பான் எழுத்து. "இதானே உனக்கு வேணும்? கோபேல மிஷினோட சேர்த்து வாங்கினது. எடுத்துண்டு போ. இங்க இருந்துதுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதே."

"வேண்டாம் மாமா."

அவர் முகம் வெளுத்துப் போச்சு. குடுக்கறதை வேண்டாம்னு சொல்ற கஸ்டம்ஸ்காரன் மகனை அவர் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல போல. ஆனா எடுத்துண்டு போய் என்ன பண்றது? பாலு வீட்டு மிஷின்ல போட்டா அதே கத்திக் குரல்தான் வரும். துரை அங்கயே காலி.

சரஸ்வதி குறுக்க வந்தா

ஒரே வழிதான். ரிக்கார்டு பாலுகிட்ட போகக் கூடாது, பாலு ரிக்கார்டுகிட்ட வரணும். மாமியோட மிஷின்ல, மாமாவோட ரிக்கார்டை மட்டும் போட்டுக் காட்டிட்டு, வேற எதையும் போடறதுக்குள்ள அவனை இழுத்துண்டு வந்துடணும்.

மறுநா சரஸ்வதி பூஜை. பாலு வீட்டுலயும் கிட்டாருக்குக் குங்குமம் வெச்சு உள்ள வெச்சுட்டா, ப்ராக்டீஸ் கிடையாது. அதனால வந்தான். துரையும் வந்தான், ஆனா வாசப்படியோட நின்னுட்டான்.

உள்ள போனா, மேஜை காலி. மிஷின் பூஜை ரூம்ல, புஸ்தகங்களுக்கு நடுவுல. மூடி மேல சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

"இதுவும் வாத்யம்தானேடா"ன்னா மாமி. "நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் போட்டுக் கேக்கலாம். இன்னிக்குத் தொடப்படாது."

"கன்வீனியன்ட்"னான் பாலு. "நாளைக்குப் போட்டி. இன்னிக்கு மிஷின் சாமியாயிடுத்து. எத்தனை நாள் ரிகர்சல் பண்ணினேள் இந்த டிராமாவுக்கு?"

எனக்கு உள்ளுக்குள்ள பாதி நிம்மதி, பாதி பயம். மிஷின் ஓடினா மாட்டிப்போமோன்னு இருந்தேன். இப்போ ஓடாததாலயே மாட்டிண்டுட்டோம்.

மாமி வாசலைப் பாத்தா. "அது யாரு, நம்மாத்துல கிரில் மாட்டின பையன்னா? அங்க ஏன் நிக்கறே, உள்ள வா. கொலுவுக்கு வந்தா ரெண்டு அடி பாடணும். யார் பாடறேள்?"

"ஐ டோன்ட் சிங், ஆன்ட்டி"ன்னான் பாலு.

"எனக்குச் சாமிப் பாட்டு வராது"ன்னான் துரை.

"வரதைப் பாடு."

துரை என்னைப் பாக்கல, பாலுவையும் பாக்கல. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, கிரில் போட்ட ஜன்னல்கிட்ட போய், அதுல ஒரு கம்பியைப் பிடிச்சுண்டு எடுத்தான். ரயில் பாட்டு. கொலு முன்னாடி. ராமரும் கிமோனோவும் கேட்டுண்டிருக்கா. கிட்டார் இல்ல, ட்ரம் இல்ல, வெறும் குரல். மாமியோட ஊதுபத்திப் புகை ஜன்னல் வழியா சுருண்டு போறது.

ரெண்டாவது அடியில மாமா உள் ரூம்லேர்ந்து வந்தார். தோள்ல துண்டு. கதவு நிலைமேல விரலால தாளம் போட ஆரம்பிச்சார். பாட்டுல ஒரு இடம் உண்டு, வண்டி வரலேன்னு தெரிஞ்சதும் பாடறவன் சட்னு நிறுத்தி, மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். துரை நிறுத்தறதுக்கு ஒரு கணம் முன்னாடியே மாமா விரல் அந்தரத்துல நின்னுது.

பாலு துரையைப் பாக்கறதை விட்டுட்டு மாமா விரலைப் பாத்தான்.

பாட்டு முடிஞ்சுது. "படவா"ன்னார் மாமா. "அசல் என் ரிக்கார்டேதான். ஜன்னலுக்கு வெளில நின்னுண்டு முழுசாத் திருடியிருக்கே." சொன்னப்புறம்தான் தான் என்ன சொல்லிட்டோம்னு உறைச்சுது அவருக்கு. திரும்பி என்னைப் பாத்தார். நான் பொம்மையைப் பாத்தேன்.

"அங்கிள், அந்த ரிக்கார்டைப் பாக்கலாமா?"

மாமா வாசலை ஒரு தரம் எட்டிப் பாத்துட்டு பீரோவைத் திறந்தார். பாலு வாங்கி, வெளிச்சத்துல சாய்ச்சு, ஜப்பான் எழுத்தைத் தடவிப் பாத்தான்.

"ஜாப்பனீஸ் ப்ரெஸ்ஸிங்"னான் மெதுவா. "ஐ நியூ இட். அங்க வேற டேக், வேற தடவை பாடினது, போடுவான் மேன். நம்மளுக்கு வரதெல்லாம் ஃபாஸ்ட் டேக். நான் அப்பவே நெனச்சேன்." அப்புறம், "அங்கிள், ஒரு நாளைக்கு எடுத்துண்டு போகட்டுமா?"

அவன் வீட்டு மிஷின்ல போட்டா கதை முடிஞ்சுது.

"இந்த வீட்டு வாசலைத் தாண்டாது"ன்னார் மாமா, பிடுங்கிண்டு. அவரோட சந்தேகபுத்தி நன்னாருக்கட்டும்.

கீழ இறங்கினதும் பாலு துரை தோள்ல கை போட்டான். "நாளைக்கு மூணு ஃப்ரெட் இறக்கி வாசிக்கறேன். பாந்த்ரா பையன்கிட்ட நான் பேசிக்கறேன்." சாரி சொல்லல. ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கறவா சொல்ல மாட்டா.

குர்லாவுக்கு அப்புறம்

செம்பூர்ல ஏறி, குர்லாவுல மாறி, நானும் துரையும் ஜன்னலோரம் உக்காந்தோம். அவன் சிரிச்சுண்டே வந்தான். என்னால சும்மா இருக்க முடியல. தகடு, சைக்கிள், மோட்டார், பாலுவோட ரிக்கார்டைப் போட்டுப் பாத்தது, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

சிரிப்பு நின்னுது.

"அப்பம் அந்தப் பொட்டி மெதுவாச் சுத்திருக்கு. நான் அதக் கேட்டுப் படிச்சிருக்கேன். அதான சொல்லுத?"

"ஆமா."

"இத ஏன் இப்பம் சொல்லுத? பாலு என்னமும் சொல்லி விட்டானா?"

"இல்லடா."

"பாந்த்ராக்காரனப் பாட வைக்கணும்னா நேராச் சொல்லு. மோட்டாரு, சைக்கிளுன்னு என்னையச் சுத்த விடாத."

"துரை, நாளைக்கு நீதான் பாடற, அதுல மாத்தமே இல்ல. பாலுகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சதை உன்கிட்டயும் மறைச்சா எனக்கும் பர்ஸர் மாமாவுக்கும் என்னடா வித்யாசம்?"

அவன் என் மூஞ்சியையே பாத்துண்டிருந்தான். நான் புளுகறேனா, இல்லியானு எடை போட்டுப் பாக்கறான். எனக்கு அது புதுசா இருந்துது. வழக்கமா அந்த வேலை நான் பண்றது.

சயான் ஸ்டேஷன் வர மாதிரி வண்டி மெதுவாச்சு. ஜன்னல் வழியா தாராவித் தோல் வாசனை அடிச்சுது. அவன் எழுந்து கதவுகிட்ட போனான். நானும் பின்னாடியே போனேன்.

"அந்த வெள்ளக்காரன் இப்பிடிப் பாடவே இல்லியா?"

"இல்ல."

"வேற எவனும்?"

"எவனும் இல்லடா. அந்த மோட்டார் மட்டும்தான்."

கம்பியைப் பிடிச்சுண்டு வெளில எட்டிப் பாத்தான்.

"மோட்டாரு மேடையேறாதுல்லா"ன்னான். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சு, கூட்டத்துல போயிட்டான்.

மறுநா சாயந்தரம் அவன்தான் ஏறினான்.